வெயிலை மூட்டை கட்டும் வண்டி வீடு

பிள்ளைகளே, ஆட்டோவில் ஏறி நீங்கள் எவ்வளவு தூரம் போயிருப்பீர்கள்? நாமகிரிப்பேட்டையில் ஏறினால் ராசிபுரம் பஸ் ஸ்டாண்டு வரை போவீர்கள். கல்யாணம், காதுகுத்து என்றால் இன்னும் கொஞ்சம் தூரம். ஒருவர் பெங்களூரில் ஆட்டோவைக் கிளப்பி லண்டன் வரை போய்ச் சேர்ந்தார் என்றால் நம்புவீர்களா? அதுவும் பெட்ரோல், டீசல் ஒரு சொட்டுகூடப் போடாமல்!

அவர் பெயர் நவீன் ரபெல்லி. இந்தியாவில் பிறந்து ஆஸ்திரேலியாவில் குடியேறிய பொறியாளர். நம் ஊர்த் தெருக்களில் ஓடுகிற அதே மூன்று சக்கர ஆட்டோவை வாங்கி, அதை மின்சாரத்தில் ஓடும்படி மாற்றினார். கூரையில் சோலார் பேனல் பொருத்தினார். உள்ளே படுத்துக்கொள்ள ஒரு படுக்கை, சாமான் வைக்க அலமாரி, சமைக்க ஒரு சூரிய அடுப்பு. ஆட்டோவுக்குத் ‘தேஜஸ்’ என்று பெயரும் வைத்தார். 2016-ம் ஆண்டு பிப்ரவரியில் புறப்பட்டார். கடலைத் தாண்ட மட்டும் கப்பல். பிறகு ஈரான், துருக்கி, பல்கேரியா, செர்பியா, ஆஸ்திரியா, ஜெர்மனி, சுவிட்சர்லாந்து, பிரான்ஸ் என்று ஒவ்வொரு நாடாகக் கடந்தார். பாரிஸ் நகரத்தில் அவருடைய பாஸ்போர்ட்டையும் பணப்பையையும் யாரோ திருடிவிட்டார்கள். அதையும் சமாளித்து, செப்டம்பர் மாதம் இங்கிலாந்தில் கால் வைத்தார். மொத்தம் ஏறக்குறைய 10,000 கிலோமீட்டர்!

வண்டியே வீடு, வீடே வண்டி. இப்படிப்பட்ட வண்டிக்குக் கேரவன் என்று பெயர். சினிமா படப்பிடிப்பு நடக்கிற இடத்தில் நடிகர்கள் இளைப்பாறும் பெரிய வேனைப் பார்த்திருப்பீர்கள். அதுவும் கேரவன்தான். கேரள அரசு 2021-ல் சுற்றுலாப் பயணிகளுக்கென்றே கேரவன் திட்டம் ஒன்றைக் கொண்டு வந்தது.

சரி, ஒரு கேள்வி. வெயில் இருக்கிறவரை சோலார் பேனல் மின்சாரம் தரும். சாயங்காலம் ஆறரை மணிக்குச் சூரியன் போய்விடுவார். இரவு விளக்கு எரிய வேண்டும், மின்விசிறி சுற்ற வேண்டும். அதற்கு என்ன செய்வது?

நம் ஊர்க்காரர்களிடம் கேட்டால் பதில் சொல்வார்கள். மஞ்சள் விளைந்தவுடன் வேகவைத்து, களத்தில் நாள் கணக்கில் காயப்போட்டு, மூட்டை கட்டி வைக்கிறோம் இல்லையா? வெயில் இருக்கும்போது வேலையை முடித்து வைத்தால், வெயில் இல்லாத நாளிலும் சரக்கு கையில் இருக்கும். கேரவனில் அந்த மூட்டைதான் பேட்டரி.

ஆனால் பேட்டரி என்பது கண்ணை மூடிக்கொண்டு அமுக்கித் திணிக்கிற மூட்டை அல்ல. அளவோடு போட வேண்டும், அளவோடு எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் கெட்டுப்போகும். சில சமயம் ஆபத்தும் வரும்.

தொட்டியும் காவல்காரரும்

ஊர்த் தண்ணீர்த் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். போர் மோட்டார் தண்ணீரை மேலே ஏற்றுகிறது. தொட்டி சேமிக்கிறது. குழாய் வழியாக வீடுகளுக்குப் போகிறது. சோலார் பேனல்தான் மோட்டார். பேட்டரிதான் தொட்டி. விளக்கும் விசிறியும் குழாய்கள். தொட்டி நிறைந்ததும் மோட்டாரை நிறுத்த ஓர் ஆள் வேண்டும் அல்லவா? இல்லாவிட்டால் தண்ணீர் வழிந்து தெருவெல்லாம் ஓடும். அந்த ஆளுக்குச் சார்ஜ் கன்ட்ரோலர் என்று பெயர். உள்ளங்கையைவிடச் சற்றுப் பெரிய பெட்டிதான். பேனலுக்கும் பேட்டரிக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கும்.

இந்தக் காவல்காரர் ஏன் கட்டாயம் வேண்டும் என்பதைக் கணக்கோடு பார்ப்போம்.

பேனலில் நீலமாகவோ கறுப்பாகவோ கட்டம் கட்டமாகத் தெரிகிறதே, ஒவ்வொன்றும் சிலிக்கானால் ஆன ஒரு சூரியக் கலம். ஒரு கலம் தருவது சுமார் அரை வோல்ட்தான். அதனால் 36 கலங்களை ரயில் பெட்டி மாதிரி ஒன்றன்பின் ஒன்றாகக் கோக்கிறார்கள். நல்ல வெயிலில் அது சுமார் 18 வோல்ட் தரும். எதையும் இணைக்காமல் சும்மா அளந்தால் 21 வோல்ட்டுக்கு மேலேகூடக் காட்டும். கடையில் இதைத்தான் ‘12 வோல்ட் பேனல்’ என்று விற்கிறார்கள்!

12 வோல்ட் பேட்டரியும் அப்படித்தான், பெயரில்தான் 12. இன்வெர்ட்டருக்கு வைக்கிற ஈய-அமில பேட்டரிக்குள் ஆறு அறைகள் உண்டு. முழுதாக நிறைந்து, சற்று நேரம் ஓய்வாக இருக்கும்போது அளந்தால் சுமார் 12.7 வோல்ட் இருக்கும். பாதி தீர்ந்தால் 12.1 அல்லது 12.2. 11.8-க்கு வந்துவிட்டால் தொட்டி காலி. பார்த்தீர்களா, நிறைந்த தொட்டிக்கும் காலித் தொட்டிக்கும் நடுவே ஒரு வோல்ட்கூட வித்தியாசம் இல்லை! அதனால்தான் பேட்டரி பார்க்கிறவர்கள் புள்ளிக்குப் பின்னால் உள்ள எண்ணையும் விடாமல் படிக்கிறார்கள். தசம எண் எதற்குப் பயன்படும் என்று வகுப்பில் கேட்கிற பிள்ளைகள் கவனிக்கவும்.

தண்ணீர் மேட்டிலிருந்து பள்ளத்துக்குத்தான் பாயும். அதுபோல 12.7 வோல்ட் பேட்டரிக்குள் மின்சாரம் போக வேண்டும் என்றால் வெளியிலிருந்து வருவது அதைவிட உயரமாக இருக்க வேண்டும். சுமார் 14.4 வோல்ட் கொடுத்து நிரப்புவார்கள். கன்ட்ரோலர் முதலில் வருகிற மின்சாரத்தை எல்லாம் தாராளமாக உள்ளே விடும. முக்கால் பங்குக்கு மேல் நிறைந்ததும் 14.4-ஐத் தாண்டாமல் பிடித்துக்கொண்டு, ஓட்டத்தை மெல்ல மெல்லக் குறைக்கும். டம்ளரில் பால் ஊற்றும்போது விளிம்பு நெருங்கினால் கை தானாக மெதுவாகிறதே, அந்த மாதிரி. முழுதாக நிறைந்த பிறகு 13.6 வோல்ட் அளவில் வைத்து, தானாகக் குறைகிறதை மட்டும் ஈடுகட்டும்.

கன்ட்ரோலர் இல்லாமல் 18 வோல்ட் பேனலை நேராக இணைத்துவிட்டால்? நிறைந்த பிறகும் மின்சாரம் உள்ளே போய்க்கொண்டே இருக்கும். பேட்டரிக்குள் இருக்கிற நீர், ஹைட்ரஜனாகவும் ஆக்ஸிஜனாகவும் பிரிந்து வெளியேறும். ஹைட்ரஜன் ஒரு பொறி பட்டாலே வெடிக்கக்கூடிய வாயு. கேரவனோ நாலு பக்கமும் அடைத்த சின்ன அறை. அதற்குள் ஆட்கள் தூங்குகிறார்கள். அதனால்தான் ஈய-அமில பேட்டரியைத் தனிப் பெட்டியில் வைத்து, வாயு வெளியே போக மேலே துளை விடுகிறார்கள். பேட்டரிக்குப் பக்கத்தில் தீக்குச்சி கிழிக்கவே கூடாது. அதற்குள் இருப்பது கந்தக அமிலம். தோலில் பட்டால் புண்ணாகும், கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரிக்கு டிஸ்டில்டு வாட்டர் ஊற்றும் வேலையைப் பெரியவர்களிடம் விட்டுவிடுங்கள். நீங்கள் தள்ளி நின்று மிதவைக் குச்சி எந்த அளவு காட்டுகிறது என்று பார்த்துச் சொல்லலாம்.

மிதமிஞ்சிப் போடுவது ஒரு கெடுதல் என்றால், மிதமிஞ்சி எடுப்பது இன்னொரு கெடுதல். ஈய-அமில பேட்டரியைப் பாதிக்குக் கீழே அடிக்கடி இறக்கினால் அதன் ஆயுள் குறைந்துவிடும். காலியாகவே பல நாள் போட்டு வைத்தால் தகடுகளின் மேல் கந்தக உப்பு கெட்டியாகப் படிந்துவிடும். பிறகு எவ்வளவு சார்ஜ் போட்டாலும் பழைய தெம்பு வராது.

லாரி ஓட்டுநர்களுக்குத் தெரிந்த ரகசியம்

லாரி கட்டுவதில் நாமக்கல் பெயர் பெற்ற ஊர். வெறும் சேஸிஸாக வருகிற வண்டி இங்கே பாடி கட்டிக்கொண்டு லாரியாக, டேங்கராக, டிரெய்லராக வெளியே போகிறது. லாரி ஓட்டுநர்களைக் கேட்டுப் பாருங்கள். இரவெல்லாம் கேபினில் விசிறி, பாட்டு என்று போட்டுவிட்டால் காலையில் வண்டி ஸ்டார்ட் ஆகாது. அப்புறம் நாலு பேரைக் கூப்பிட்டுத் தள்ளு, தள்ளு என்று தள்ள வேண்டியதுதான்.

காரணம் என்ன தெரியுமா? வண்டியை ஸ்டார்ட் செய்கிற பேட்டரி ஓட்டப் பந்தய வீரர் மாதிரி. சில நொடிகளுக்கு நூற்றுக்கணக்கான ஆம்பியர் கொடுக்கும். அதற்காக அதன் தகடுகளை மெல்லியதாக, நிறைய வைத்திருப்பார்கள். இரவு முழுக்க மெதுவாகக் கறந்தால் அது தாங்காது. விளக்குக்கும் விசிறிக்கும் வேண்டியது பாரம் சுமக்கிற மாடு மாதிரியான பேட்டரி. தகடு தடிமனாக இருக்கும். வீட்டு இன்வெர்ட்டருக்கு வைக்கிற டியூபுலர் பேட்டரி இந்த ஜாதி. ஆகவே நல்ல கேரவனில் இரண்டும் தனித்தனியாக இருக்கும். வீட்டுப் பேட்டரி இரவில் தீர்ந்தாலும், காலையில் எஞ்சின் கிளம்பும். எஞ்சின் ஓடும்போது அதன் டைனமோவிலிருந்தும் வீட்டுப் பேட்டரிக்குக் கொஞ்சம் சார்ஜ் ஏற்றிக்கொள்ளலாம்.

பாட்டியின் மருந்தா, டிவியா?

இப்போது நோட்டும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு குடும்பம் கேரவனில் கிளம்பி, கொல்லிமலை அடிவாரத்தில் சில நாள் தங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். கூரையில் 200 வாட் பேனல். உள்ளே 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி ஈய-அமில பேட்டரி ஒன்று.

பேட்டரியில் இருப்பு எவ்வளவு? 12-ஐ 100-ஆல் பெருக்கினால் 1,200 வாட்-மணி. பாதிக்குக் கீழே இறக்கக் கூடாது என்பதால் 600-தான் நம் கைச்செலவுக்கு.

வரவு? நம் பகுதியில் வெயில் பன்னிரண்டு மணி நேரம் இருந்தாலும் காலை வெயிலும் மாலை வெயிலும் இளசு. எல்லாவற்றையும் சேர்த்து, உச்சி வெயில் கணக்கில் சொன்னால், தெளிந்த நாளில் சுமார் ஐந்து மணி நேரம். 200-ஐ ஐந்தால் பெருக்கினால் 1,000. தூசு, சூடு, ஒயரில் போகிற இழப்பு எல்லாவற்றுக்கும் முப்பது சதவீதம் கழித்தால் 700 வாட்-மணி.

இனி செலவு. 15 வாட் விசிறி இரண்டு, எட்டு மணி நேரம்: 240. ஐந்து வாட் எல்.இ.டி. விளக்கு இரண்டு, நாலு மணி நேரம்: 40. செல்போன்கள் நான்குக்கும் சேர்த்து 60. சின்ன டிவி 40 வாட், மூன்று மணி நேரம்: 120. பிறகு ஒரு சிறிய ஃபிரிட்ஜ். அது 45 வாட். விட்டு விட்டு ஓடினாலும் இரவு பகல் சேர்த்துப் பத்து மணி நேரம் ஓடும் என்று வைத்தால் 450. கூட்டிப் பாருங்கள், 910!

வரவு 700, செலவு 910. தினமும் 210 துண்டு விழுகிறது. மூன்றாம் நாள் கணக்கு 600-ஐத் தாண்டி, பேட்டரி பாதிக்குக் கீழே போய்விடும்.

எதைக் குறைப்பது? பார்த்தவுடனே ஃபிரிட்ஜ்தான் பெரிய தின்னி என்று தெரிகிறது. அதை அணைத்துவிடலாம் என்பீர்கள். ஆனால் அதற்குள் பாட்டியின் இன்சுலின் மருந்து இருக்கிறது. நம் பக்கத்து ஏப்ரல் வெயிலில், மூடிய வண்டிக்குள், அது கெட்டுப்போகும். கெட்ட மருந்தைப் போட்டால் பாட்டியின் உடம்பில் சர்க்கரை ஏறிவிடும். ஆகவே ஃபிரிட்ஜை நிறுத்தக் கூடாது. டிவியை விட்டால் 790. இன்னும் 90 துண்டு. இரண்டு விசிறிக்குப் பதில் எல்லாரும் ஒரே விசிறிக்குக் கீழே படுத்தால் 670. அப்பாடா, 30 மிச்சம்!

மறுநாள் வானம் மூடிக்கொண்டது என்றால்? பேனல் அன்று கால் பங்குதான் தந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். வரவு 175. செலவு 670. பேட்டரியிலிருந்து 495 போய்விடும். நம் கைச்செலவு 600-தானே? ஆக, ஒரு மூட்ட நாளைத் தாங்கலாம். அடுத்தடுத்து இரண்டு நாள் என்றால் தாங்காது. எஞ்சினை ஓட்டியோ, எங்காவது பிளக்கில் செருகியோதான் சார்ஜ் ஏற்ற வேண்டும்.

இன்னொரு பேனல் வாங்கிப் போட்டால் போயிற்று என்று சில பேர் சொல்வார்கள். 300 வாட் ஆக்கினால் வரவு 1,050, டிவியும் பார்க்கலாம். ஆனால் அப்போது உச்சி வெயிலில் 20 ஆம்பியர் வரை வரும். 100 ஆம்பியர்-மணி ஈய-அமில பேட்டரிக்கு ஏறக்குறையப் பத்து ஆம்பியர்தான் சௌகரியம். வாய் சின்னதாக இருக்கும்போது பெரிய கவளமாக ஊட்டக் கூடாதில்லையா? பேட்டரியையும் பெரிதாக்க வேண்டும். கனம் கூடும். ஒன்றை மாற்றினால் இன்னொன்று மாறும். கேரவன் கட்டுகிறவர்களின் தலைவலியே இதுதான்.

நெதர்லாந்து நாட்டில் ஐந்தோவன் தொழில்நுட்பப் பல்கலைக்கழக மாணவர்கள் 22 பேர் இந்தத் தலைவலியை ரசித்தே செய்திருக்கிறார்கள். 2021-ல் ‘ஸ்டெல்லா வீட்டா’ என்ற சூரியக் கேரவனைக் கட்டினார்கள். படுக்கை, அடுப்பு, குளியல் எல்லாம் உள்ளே. வண்டி நின்றதும் கூரை மேலே எழும்பி, இரண்டு பக்கமும் பேனல் சிறகு விரித்துக்கொள்ளும். அப்போது பேனலின் பரப்பு 17.5 சதுர மீட்டர். அதன் பேட்டரி 60 கிலோவாட்-மணி, அதாவது நாம் மேலே பார்த்த பேட்டரியைப் போல 50 மடங்கு. நல்ல வெயில் நாளில் 730 கிலோமீட்டர் வரை ஓடக்கூடியது. அந்த ஆண்டே அதை ஓட்டிக்கொண்டு ஸ்பெயின் நாட்டின் தென்கோடியில் உள்ள தாரீஃபா ஊர் வரை போய்ச் சேர்ந்தார்கள். எனக்கு மிகவும் பிடித்தது அதில் இருக்கும் ஒரு திரை. நீங்கள் குளித்தால், காபி போட்டால், டிவி பார்த்தால் எவ்வளவு மின்சாரம் போகும் என்று அது காட்டும். வீட்டுக்கு வீடு அப்படி ஒன்று மாட்டினால் நன்றாக இருக்கும்.

நிழலும் சூடும்

பேனலின் கலங்கள் ரயில் பெட்டி மாதிரி கோக்கப்பட்டவை என்றேன் அல்லவா? ஒரு பெட்டி பிரேக் போட்டால் முழு ரயிலும் நிற்கும். அதுபோல ஒரே ஒரு கலத்தின் மேல் வேப்ப இலையோ காக்கை எச்சமோ விழுந்தாலும், அந்த வரிசை முழுவதும் சோர்ந்துவிடும். இதற்காகப் பேனலின் பின்பக்கம் மாற்றுவழி டயோடுகள் வைத்திருப்பார்கள். அடைபட்ட பகுதியைச் சுற்றிக்கொண்டு மின்சாரம் போகும். ஆனாலும் இழப்பு இழப்புதான். ஆகவே சோலார் கேரவன்காரர்களுக்கு ஒரு சங்கடம். புளியமர நிழலில் நிறுத்தினால் உடம்புக்குக் குளிர்ச்சி, பேட்டரிக்குப் பட்டினி!

வெயில் அதிகமானால் மின்சாரமும் அதிகம் என்று நினைப்பீர்கள். வெளிச்சம் கூடினால் மின்சாரம் கூடும், உண்மை. ஆனால் சூடு கூடினால் குறையும்! பேனலின் வாட் கணக்கை 25 டிகிரி சூட்டில்தான் அளந்து எழுதுகிறார்கள். அதற்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.4 சதவீதம் குறையும். சித்திரை மாதம் வண்டிக் கூரையில் பேனல் 65 டிகிரி வரை கொதிக்கும். 40 டிகிரி கூடுதல், ஆகவே 16 சதவீதம் போச்சு. 200 வாட் பேனல் 168 வாட் ஆகிவிட்டது. பேனலைக் கூரையோடு ஒட்டிவிடாமல், கீழே காற்றுப் போக இடைவெளி விட்டுப் பொருத்துவது இதனால்தான்.

சூடு பேட்டரிக்கும் ஆகாது. இதற்குப் பெரிய உதாரணம் ஒரு விமானம். சூரிய ஒளியிலேயே உலகத்தைச் சுற்றிய ‘சோலார் இம்பல்ஸ்-2’. சுவிட்சர்லாந்தின் பெர்ட்ராண்ட் பிக்கார்டு, ஆந்த்ரே போர்ஷ்பெர்க் இருவரும் மாறி மாறி ஓட்டினார்கள். 2015 மார்ச் மாதம் அபுதாபியில் கிளம்பி, நம் நாட்டில் ஆமதாபாத்திலும் காசியிலும் இறங்கிவிட்டுப் போனார்கள். இறக்கையின் நீளம் 72 மீட்டர், ஜம்போ ஜெட்டைவிட அகலம். ஆனால் எடை 2,300 கிலோதான். அதில் 633 கிலோ பேட்டரி மட்டும்! மேலே 17,248 சூரியக் கலங்கள்.

பகலில் பேட்டரியை நிரப்பிக்கொண்டே சுமார் 8,500 மீட்டர் உயரத்துக்கு ஏறுவார்கள். சூரியன் மறைந்ததும் கொஞ்சம் கொஞ்சமாகச் சறுக்கிக் கீழே வருவார்கள். ஏறிய உயரமே ஒரு பேட்டரி மாதிரி உதவியது! எப்பேர்ப்பட்ட யோசனை!

ஜப்பானிலிருந்து ஹவாய்த் தீவுக்குப் போர்ஷ்பெர்க் தனி ஆளாகப் பறந்தார். இறங்க இடமில்லாத பசிபிக் கடல் மேல் 117 மணி 52 நிமிடம். நாலு நாள் முழுதும் தாண்டி ஐந்தாம் நாள்! அந்தப் பயணத்தின் முதல் நாளிலேயே, வேகமாக மேலே ஏறியபோது, பேட்டரி அளவுக்கு மீறிச் சூடாகிவிட்டது. மேலே குளிர் கடுமையாக இருக்குமே என்று பேட்டரிகளைச் சுற்றிக் கனமாகக் கவசம் போட்டிருந்தார்கள். அதுவே சூட்டை வெளியே விடாமல் பிடித்துக்கொண்டது. பத்திரமாகத் தரை இறங்கினார். ஆனால் பேட்டரி பழுது. 2015 ஜூலையில் ஹவாயில் நின்ற விமானம் மறுபடி கிளம்பியது 2016 ஏப்ரலில்தான். அந்த ஆண்டு ஜூலை 26 அன்று அபுதாபி திரும்பி, சுற்றை முடித்தார்கள்.

அந்த விமானத்தில் இருந்தது லித்தியம் பேட்டரி. இப்போது கேரவன்களிலும் லித்தியம் பேட்டரி வந்துவிட்டது. ஈய பேட்டரியைவிட மிகவும் எடை குறைவு. பாதிதான் எடுக்கலாம் என்ற கட்டுப்பாடு இல்லை, 80 சதவீதத்துக்கு மேலேயும் எடுக்கலாம். விலைதான் கூடுதல். அதற்குள்ளேயே ஒரு மின்னணுக் காவல்காரர் இருப்பார். சூடு ஏறினால், வோல்ட் மீறினால், இணைப்பைத் துண்டித்துவிடுவார். இன்னொரு விசித்திரம், நீர் உறையும் குளிரில், அதாவது 0 டிகிரிக்குக் கீழே, லித்தியம் பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றக் கூடாது. லித்தியம் போக வேண்டிய இடத்துக்குள் போகாமல் மேலேயே உலோகமாகப் படிந்து பேட்டரியைக் கெடுத்துவிடும். நாமகிரிப்பேட்டையில் அந்தக் கவலை இல்லை. லடாக் போகிறவர்கள் பார்த்துக்கொள்ள வேண்டும்.

படகிலும் ரயிலிலும்

வீடு மட்டுமா? படகும் இப்படி ஓடுகிறது. பெரியார் போராடிய வைக்கம் ஊரைப் பாடத்தில் படித்திருப்பீர்கள். அங்கே வேம்பநாட்டு ஏரியில், வைக்கத்துக்கும் தவணக்கடவுக்கும் இடையே, 2017 ஜனவரியில் ‘ஆதித்யா’ என்ற சூரியப் படகைக் கேரள அரசின் நீர்ப் போக்குவரத்துத் துறை விட்டது. 75 பேர் ஏறலாம். கூரையில் 20 கிலோவாட் பேனல். டீசல் புகை இல்லை, தடதட சத்தம் இல்லை. பகலில் ஓடிக்கொண்டே சார்ஜ் ஏறும். பற்றாததைக் கரையில் மின் இணைப்பிலிருந்து ஏற்றிக்கொள்ளும்.

ரயில் கதை நம் சென்னைக் கதை. பெரம்பூர் ஐ.சி.எஃப். தொழிற்சாலையில் தயாரான டீசல் ரயில் ஒன்றின் பெட்டிக் கூரைகளில் சோலார் பேனல் பொருத்தி, 2017 ஜூலை 14 அன்று டெல்லி சஃப்தர்ஜங் நிலையத்தில் ஓடவிட்டார்கள். இழுப்பது டீசல்தான். பெட்டிக்குள் விளக்கும் விசிறியும் சூரியன் புண்ணியம். சூரியன் இல்லாத நேரத்துக்குப் பேட்டரி.

நிழல் தொலையும் நாள்

ஐரோப்பாவில் பேனலைச் சாய்த்து வைத்தால்தான் வெயில் நன்றாக விழும். நமக்கு அந்தத் தொல்லை அதிகம் இல்லை. நாமகிரிப்பேட்டை பூமத்திய ரேகைக்கு வடக்கே சுமார் பதினொன்றரை டிகிரியில் இருப்பதால் சூரியன் ஆண்டில் இரண்டு முறை நேர் உச்சந்தலைக்கு மேலே வரும். ஏப்ரல் 20-ஐ ஒட்டி ஒரு முறை, ஆகஸ்ட் 22-ஐ ஒட்டி ஒரு முறை. அந்த நாட்களில் பகல் பன்னிரண்டேகால் மணி வாக்கில் ஒரு டம்ளரைச் சமதரையில் கவிழ்த்து வையுங்கள். நிழல் டம்ளருக்கு அடியிலேயே ஒளிந்துகொள்ளும்! தட்டையான வண்டிக் கூரையில் படுக்க வைத்த பேனலுக்கு அன்று விருந்துதான். அதே டம்ளரை டிசம்பரில் வைத்துப் பார்த்தால் உச்சி வேளையிலும் வடக்குப் பக்கம் நிழல் நீண்டிருக்கும். பேனலுக்கு எப்போது வரவு குறையும் என்று நிழலே சொல்லிவிடும். தொப்பி போட்டுக்கொண்டு போங்கள். சூரியனை மட்டும் நேராகப் பார்க்காதீர்கள்.

கடைசியாக ஒரு கணக்கு. ஒரு கேரவனில் 300 வாட் பேனல், 12 வோல்ட் 200 ஆம்பியர்-மணி ஈய-அமில பேட்டரி. தினமும் செலவு 1,250 வாட்-மணி. வெயில் ஐந்து மணி நேரம், இழப்பு முப்பது சதவீதம். நிறைந்த பேட்டரியோடு கிளம்பினால் எத்தனை நாளில் பேட்டரி பாதிக்கு வரும்? பக்கத்தைப் புரட்டாமல் போட்டுப் பாருங்கள்.

விடை: 6 நாள்.